பேரின்பநாதனின் புள்ளடி

மொன்ட்ரியால்-நோர்
8 பெப்ரவரி 2026

அன்புள்ள புஷ்பராணிக்கு,

நான் நலம். நீர் நலமா என்று கேட்கத் தேவையில்லை. போன கிழமை ரெலிபோனை அடித்து வைத்த சத்தத்திலேயே நல்ல பெலத்தோடு இருக்கிறீர் என்று விளங்கிவிட்டது. இனிக் கடிதத்தில் கதைப்போம். கடிதத்தை அடித்து வைக்க ஏலாது.

இங்கே பனி முழங்காலளவு. "படிக்கு உப்புப் போடு தம்பி" என்று நல்லம்மா அக்கா விடியவே தொடங்கிவிடுவா. மூட்டு மாற்றிய கால் அவவுடையது, ஓட்டமெல்லாம் என்னுடையது.

உங்கள் தொகுதியில் இடைத்தேர்தலாம். பிரெக்ஸிட்டை மாற்றி நாட்டைத் திரும்ப ஐரோப்பாவோடு சேர்ப்போம் என்று ஒரு கட்சி சொல்லுகிறதாம். மகள் றொஷினி சொன்னாள். லண்டனில் எங்கள் தோசைக்கடையைப் பூட்டிய அன்று நான் செய்த சபதம் நினைவிருக்கும். வேலைக்கு நின்ற றுமேனியாக்காரர் இரண்டு பேரும் ஊருக்குப் போய், சட்டி கழுவக்கூட ஆளில்லாமல் போனதற்கு யார் காரணம்? வெளியேறு என்று வாக்குப் போட்ட மடையர்கள். அந்த நாடு திரும்பச் சேரும்வரை அங்கே கால் வையேன் என்றேன். வைக்கவில்லை. லண்டனுக்குப் போவதற்கு முன் அகதியாக வந்து குடியுரிமை எடுத்த இந்த ஊருக்கே திரும்பி, மூன்று வருடமாக அக்கா வீட்டு பேஸ்மென்டில் படுக்கிறேன்.

இப்போது வழி பிறக்கிறது. ஆனால் கட்சிக்காரர் சொல்லை நம்பலாமோ? விசாரித்து எழுதும். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்கிறபடியால் வெளிநாட்டில் இருக்கிற எனக்கும் அங்கே வாக்கு உண்டாம். எனக்குப் பதிலாக நீர் போய்ப் போடலாமாம். பத்திரம் நிரப்பி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
சபதம் மாறாத
பேரின்பநாதன்


லண்டன்
22 பெப்ரவரி 2026

அன்புள்ள றொஷினியின் அப்பாவுக்கு,

விசாரித்தேன். அந்தக் கட்சி வேட்பாளர் கத்தரின் என்றொரு பெண். மழையில் தோய்ந்து வாசலுக்கு வந்தா. பாவம் என்று உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தேன். எப்போது சேருவீர்கள் என்று கேட்டேன். காலம் கனியும்போது என்றா. அது எந்த மாதம் என்றேன். எல்லாம் பொருந்தி வரவேண்டும் என்றா. எது எது பொருந்த வேண்டும் என்றேன். மூன்றாவது வடையை எடுத்தா.

அவ போனபிறகு உங்கள் பழைய வாட்ஸ்அப் செய்திகளை எடுத்துப் பார்த்தேன். 2023: பனி உருகட்டும். 2024: அக்காவின் ஒப்பரேஷன் முடியட்டும். 2025: லொங்குய்ய் மண்டபத்தில் நான் ஏற்ற கலியாணச் சமையல்கள் முடியட்டும், பேந்து பார்ப்பம். கத்தரினுக்கு எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானோ என்று நினைத்தேன்.

கட்சியை நம்பலாமோ என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. உங்களை நம்பலாமோ என்பதுதான் என் கவலை. மூன்று வருடமாகியும் இரண்டு கோப்பைக்குத்தான் தண்ணி கொதிக்க வைக்கிறேன்.

இன்னொரு தொல்லை. யாருக்குப் பதிலாக வந்தாய் என்று வாக்குச்சாவடியில் உங்கள் பேரைக் கேட்பார்களாம். முப்பத்தொரு வருடத்தில் புருஷன் பேரை நான் வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட றொஷினிதான் சொல்லுவாள். ஆகவே வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
புஷ்பராணி


மொன்ட்ரியால்-நோர்
15 மார்ச் 2026

அன்புள்ள புஷ்பம்,

வேறு ஆளில்லை. அங்கே இருக்கிற என் கூட்டாளி கிறிஸ்தோப்பரைக் கேட்டால் என் வாக்கைத் தேர்தலில் நிற்கிற தன் மச்சானுக்குப் போட்டுவிட்டு எனக்கே கதை சொல்லுவான். நீர்தான் போட வேண்டும்.

இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்க மூன்று முறை மூலைக்கடைக்கு, இங்கத்தை டெபனோருக்கு, போனேன். மூன்று முறையும் மனம் மாறி நாலு லீற்றர் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா தயிர் போட்டே களைத்துப் போனா.

புஷ்பம், 2016இல் வாக்குச்சீட்டில் நான் வெளியேறத்தான் புள்ளடி போட்டேன்.

வாசலுக்கு ஒருத்தன் வந்தான், எங்கள் ஆள்தான். "வெளியில வந்தால் ஊரிலயிருந்து சமையல்காரரைக் கூப்பிடலாம் அண்ணை" என்றான். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பேர் வந்து கடையில் அப்பம் சுடுவதை அப்போதே கண்ணால் கண்டுவிட்டேன். கடைசியில் வந்தது பூட்டுத்தான். வந்தவர் போனவரிடமெல்லாம் மடையர் மடையர் என்று திட்டினேனே, அந்த மடையன் கல்லாவில் இருந்தவன். சபதமெல்லாம் சும்மா. உம்முடைய முகத்தைப் பார்க்க வெட்கம், அவ்வளவுதான்.

அந்தப் புள்ளடியை அழிக்க ஏலாது. இன்னொன்று போடலாம். யாருக்கு என்று சொல்லமாட்டேன். என் கை ஒருமுறை பிழைத்துவிட்டது, உம்முடைய கையால் போடும்.

றொஷினிக்குச் சொல்ல வேண்டாம்.

பேரின்பநாதன்


லண்டன்
2 மே 2026

அன்புள்ள றொஷினியின் அப்பாவுக்கு,

நீங்கள் எங்கே புள்ளடி போட்டீர்கள் என்று எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். முடிவு வந்த காலை கடைக்கு வந்த எல்லோருக்கும் கேசரி கொடுத்தீர்கள். பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் என்றீர்கள். நீங்கள் வைக்கிற நேர்த்தியை நிறைவேற்றுவது எப்போதும் நான்தான். எனக்குத் தெரியாத நேர்த்தி ஏது? றொஷினிக்கும் தெரியும்.

வியாழக்கிழமை போனேன். மேசையில் இருந்த பெண் யாருக்குப் பதிலாக என்றாள். என் மனுசனுக்கு என்றேன். பேர் என்ன என்றாள். றொஷினியின் அப்பா என்றேன். பட்டியலில் அப்படி ஒருவர் இல்லையாம். விரலால் தொட்டுக் காட்டப் போனேன். பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பின்னால் வரிசை கதவு வரைக்கும் நிற்கிறது, அதில் கோயில் பெண்டுகள் இரண்டு பேர். வேறு வழியில்லாமல் பேரின்பநாதன் என்று சொன்னேன். இத்தனை வருடம் அடைத்து வைத்ததாலோ என்னவோ பெலமாக வந்துவிட்டது. வாசலில் கட்டியிருந்த நாய்கூட எழும்பிப் பார்த்தது.

இரண்டு புள்ளடியையும் கத்தரினுக்கே போட்டேன். நம்பிப் போடவில்லை. சேர வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவ அவ ஒருத்திதான். வென்றுவிட்டா. மேடையிலும் காலம் கனியும்போது என்றுதான் சொன்னா. செய்யாவிட்டால் அடுத்த தேர்தலுக்கு என் வாசலுக்கு வரத்தானே வேண்டும்? அப்போது கேட்பேன்.

உங்களைக் கேட்க எனக்குத் தேர்தல் இல்லை. அதனால் இப்போதே கேட்கிறேன். வருகிறீர்களா, இல்லையா? காலம் கனியட்டும் என்று பதில் வந்தால் இனிக் கடிதம் போடமாட்டேன். உங்கள் கோப்பையையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பேரைச் சொல்லிவிட்ட
புஷ்பராணி


மொன்ட்ரியால்-நோர்
17 மே 2026

என் புஷ்பத்துக்கு,

ஜூன் 6, சனிக்கிழமை, காலை பத்தரை, ஹீத்ரோ. போக மட்டும் டிக்கெட், திருப்பிக் கொடுக்க ஏலாதது. பிரதி இதற்குள் இருக்கிறது.

நாடு இன்னும் சேரவில்லை. சபதத்தை முறிக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "அப்பாடா" என்றா. பனிக்கோட்டை இங்கேயே வைத்துவிட்டு வரலாம் என்று பார்த்தேன். "அதையும் கொண்டு போ தம்பி. இஞ்ச விட்டால் அதைச் சாட்டித் திரும்ப வருவாய்" என்றா. பெட்டியில் இடமில்லை. ஜூன் மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன்.

ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆனாலும் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடாதேயும், அங்கே நிற்கிற தமிழரெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பேரைச் சொல்லும். வாக்குச்சாவடிப் பெண் கேட்டுவிட்டாள், கோயில் பெண்டுகள் கேட்டுவிட்டார்கள், நாயும் கேட்டுவிட்டது. நான்தான் இன்னும் கேட்கவில்லை.

உம்முடைய,
பேரின்பநாதன்