யார் பார்த்தது அலட்சியத்தை?

பிப்ரவரி 4, செவ்வாய்
காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்கு பாய்லரை அன்புராஜ் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பதினோரு மிஸ்டு கால். நான் கிளம்பிய முக்கால் மணி நேரத்தில் ஸ்டீம் குழாய் வெடித்து, அவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்
‘தொழிலாளியின் அலட்சியத்தால் பாய்லர் குழாய் வெடித்தது.’ இதுதான் தலைப்பு!

பேப்பரைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, பேனாவால் கோடு போட்டேன். குழாய் வெடித்தது — நடந்தது. ஒருவர் காயம் — நடந்தது. நேரம் சரி, இடம் சரி. அலட்சியம்? யார் பார்த்தது? கடைசி வரியில் ‘என்று நிர்வாகத் தரப்பில் கூறப்படுகிறது’ என்று வால் ஒட்டியிருக்கிறது. தலைப்பில் அந்த வாலைக் காணோம். ஒருத்தன் நினைத்ததை நடந்ததாக ஆக்கிவிட்டார்கள், படுபாவிகள்.

ஹேமாவதி சொல்கிறாள்: “பேப்பர்லயே போட்டுக்கிறாங்க. சும்மாவா போடுவாங்க?” என் பொண்டாட்டியே இப்படி! சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி
கவரைப்பேட்டை டீக்கடையில், “அந்தாளு தூங்கிட்டாராமே?” என்று கேட்கிறார்கள். இரண்டே நாளில் அலட்சியம் தூக்கமாகிவிட்டது. நாளைக்குக் குடி என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கே வந்து, அவர் மனைவி ஜோதிலட்சுமி அண்ணியிடம் கடிதத்தை நீட்டினார்களாம். பதினெட்டு வருஷம் உழைத்த மனுஷன். வயிறு எரிகிறது.

பிப்ரவரி 8, சனி
பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “உங்க கிட்ட ஆதாரம் இருக்கா சார்?” என்றான் ஒருத்தன். இருக்கு! மணிக்கு ஒரு தரம் பாய்லர் பிரஷரை எழுதும் லாக் புக் இருக்கு, போய்ப் பார் என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்
விசாரணை. அதிகாரி லாக் புக்கைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. மூன்று கட்டத்திலும் எண் இல்லை. ஓகே, ஓகே, ஓகே. என் கையெழுத்து.

ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக எழுதிவிடுவோம். எல்லோரும் செய்வதுதான்.

“பாருங்க சார், ரெண்டு மணி வரைக்கும் எல்லாம் ஓகே. அப்பறம் அன்புராஜ்தான் இன்னாவோ பண்ணிக்கிறான்” என்றார் மேனேஜர். என் நோட்டை வைத்தே!

ஓகே என்பது அளவா? அது என் நினைப்பு. அதுவும் மீட்டர் பக்கம் தலையைக் கூடத் திருப்பாமல் நினைத்தது. அந்த நிருபனாவது யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினான். நான் யாரைக் கேட்டேன்? வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். த்தூ!

பிப்ரவரி 12, புதன்
ஹேமாவதியிடம் சொன்னேன். “நீ போய் உண்மைய சொன்னா உன் வேல பூடும். பசங்கள யாரு படிக்க வெப்பா?” அவள் கேட்பதிலும் தப்பில்லை. அவள் மீது கூடக் கோபப்பட முடியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்
எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நான் மீட்டரைப் பார்க்கவில்லை. பிரஷர் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது.’ மேனேஜர் பல்லைக் கடித்தார்.

பிப்ரவரி 20, வியாழன்
அண்ணனின் சஸ்பென்ஷன் ரத்து. அது எனக்கு வந்துவிட்டது. பேப்பரில் ஒரு வரி கூட இல்லை.

சாயங்காலம் ஆரணியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. அண்ணி டம்ளரைப் பிடித்து டீ புகட்டினார். நல்லது செய்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். குடித்து முடித்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார்.

“ஷிஃப்ட் மாறச்சொல்லோ, எல்லாம் சரியா கீதான்னு உன்ன கேட்டேனே மதி. நீ இன்னா சொன்ன?”

“சரியா கீதுன்னேன்.”

“அத நம்பித்தான் மீட்டரப் பாக்காம குழாய்கிட்ட போனேன்.”

விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை. நாளைக் காலை இதையும் எழுதிக் கொடுக்கப் போக வேண்டும்.