முரளியின் கேமராவில் இருந்தது

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. சிட்லபாக்கம் மெயின் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். ஸ்கூட்டர் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ, கிழிந்த குடை, கம்பெனிக்கு இருபது நிமிடம் தாமதம்.

தாய்லாந்திலிருந்து வந்து ஒரு வாரமாகியும் பை பிரிக்காமல் கிடந்தது. சாயங்காலம் பிரித்தேன். ஜம்ப் சூட்டின் முழங்காலில் செம்மண். வாளியில் ஊறப் போட்டேன். அப்போதுதான் ஜோசப் அண்ணன் போன். வருஷா வருஷம் எங்கள் பன்னிரண்டு பேரையும் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கக் கூட்டிப் போகிறவர். அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

"நளினி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அன்னிக்கு முரளியோட பாராசூட்டை நீதானே மடிச்சே?"

"ஆமாண்ணா."

"அவசரமா மடிச்சியா?"

புரிய இரண்டு நொடி ஆனது. எங்கள் குழுவில் இருக்கும் முரளி சொல்லியிருக்கிறான். பாராசூட் முறுக்கிக்கொண்டு விரிந்ததாம். காரணம், நான் மடித்த லட்சணமாம்.

யாராவது கேட்டால் உளறாமல் சொல்ல, நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

– ஞாயிறு. கடைசி ஜம்ப். முரளி வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, நீயே மடிச்சுடேன், உன் கைதான் சுத்தம்." மடித்தேன்.

– ஹெல்மெட்டில் கேமரா. இருநூறு ஜம்ப் முடிக்காதவர்கள் மாட்டக் கூடாது. விதி. முரளிக்குத் தொண்ணூற்று நாலு. மைதானத்தில் சோதனை முடிந்த பிறகு, விமானத்துக்கு நடக்கும்போது சட்டைக்குள்ளிருந்து எடுத்து மாட்டியிருக்கிறான்.

– பாராசூட் விரியும்போது கயிறு கேமராவில் சிக்கியது. தாடைப் பட்டியை அவிழ்த்து ஹெல்மெட்டையே விட்டான். மெயின் பாராசூட்டைக் கழற்றி எறிந்தான். மாற்றுப் பாராசூட் தாழ்வில்தான் விரிந்தது. மரவள்ளிக் காட்டில் விழுந்து வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு.

கயிறு சிக்கியதால் முறுக்கியதா, முறுக்கியதால் கயிறு சிக்கியதா? முதலாவது என்றால் அவன் தப்பு. இரண்டாவது என்றால் என் தப்பு. அந்தக் கேமராவுக்குத்தான் தெரியும். ஹெல்மெட் கிடைத்தது. கேமராவின் மெமரி கார்டு கெட்டுப்போய்விட்டதாம்.

கெட்டுப்போய்விட்டதாம்!

நவம்பர் 5, புதன்

தூறல். கரண்ட் இரண்டு முறை போனது.

கம்பெனியில் ஒரு லாட் சட்டையை முழுக்கத் திருப்பி அனுப்பினேன். காலர் தையலில் ஒரு மில்லிமீட்டர் விலகல். இன்னொரு நாளாக இருந்தால் விட்டிருப்பேன். லைன் சூப்பர்வைசர் சரஸ்வதி முணுமுணுத்தது காதில் விழுந்தது: "மேடம் எங்கயோ பட்ட கோவத்த நம்ம மேல காட்டுது." உண்மைதான். மன்னிப்புக் கேட்கவில்லை.

பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு சட்டை வெளியே போகாது. நானா அவசரமாக மடிப்பேன்?

மதியம் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். அப்படியே இங்கே:

'முரளி ஹெல்மெட்டில் கேமரா இருந்ததை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் விமானக் கதவுப் பக்கம் விட்டிருக்க மாட்டேன். மடித்ததில் தப்பில்லை. கார்டைக் கொண்டு வரட்டும்.'

இரண்டு கட்டைவிரல். புதிதாகச் சேர்ந்த ஐஸ்வர்யா மட்டும், "டேக் கேர் அக்கா". அவளுக்கு இதுவரை இருபத்திரண்டு ஜம்ப். எதற்கு டேக் கேர்? எனக்கா கால் உடைந்தது?

நவம்பர் 7, வெள்ளி

திருநீர்மலை. முரளி வீடு. மூன்று மாடி, கீழே ஹார்டுவேர் கடை. கால் கட்டோடு தலையணை மேல். அவன் மனைவி சுகந்தி காபியை மேசையில் வைத்தாள், என் கையில் கொடுக்கவில்லை.

"வாக்கா, உக்காரு."

"உக்கார வரல. நான் தப்பா மடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்றியாமே?"

"ஊரெல்லாம் இல்லக்கா. ஜோசப் அண்ணன் கேட்டாரு. எனக்குத் தோணினத சொன்னேன்."

"உனக்குத் தோணுமா? கார்டைக் குடு. பாத்துடலாம்."

"அதான் கெட்டுப்போச்சுன்னேனே."

"கெட்ட கார்டையே குடு."

"தூக்கிப் போட்டுட்டேன்கா."

கண்ணைப் பார்க்கவில்லை. டிவி ரிமோட்டின் பின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

அதுவரை கதவோரம் நின்ற சுகந்தி பேசினாள். "உள்ள பிளேட் வெச்சு ஆறு ஸ்க்ரூ போட்டிருக்காங்க. பாத்ரூமுக்கு நான்தான் தூக்கிட்டுப் போறேன். நீங்க சண்டை போட வந்திருக்கீங்க. கொஞ்சம் கூட..." முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

காபியைத் தொடாமல் வந்தேன். அவள் மேலும் கோபம். அவளுக்கு என்ன தெரியும் என்று கோபம். அவளுக்கு ஒன்றும் தெரியாமல் வைத்திருக்கிறானே என்று அவன் மேல் இன்னும் கோபம்.

நவம்பர் 8, சனி

வெயில், ஒரு வாரத்துக்குப் பிறகு. வாங்க வேண்டியது: பால், சோப்புத் தூள், கொசு மருந்து. எதுவும் வாங்கவில்லை.

பொழிச்சலூர் போனேன். கேமராவை ஹெல்மெட்டில் பிடித்திருந்த அலுமினிய கிளாம்ப் அங்கே ஒரு லேத் பட்டறையில் செய்தது. ஆகஸ்டிலேயே முரளி போட்டோ அனுப்பிப் பெருமை அடித்துக்கொண்டான். 'இருநூறு முடியட்டும், அப்புறம் மாட்டு' என்று பதில் போட்டிருந்தேன். 'சும்மா அழகுக்குக்கா' என்றான்.

பட்டறைக்காரர் மணி. ஐம்பது வயசிருக்கும். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். அவரையும் ஒரு பிடி பிடிப்பதென்றுதான் போனேன்.

"அந்த கிளாம்ப் மூலை கத்தி மாதிரி இருக்கே. ராவித் தரக்கூடாதா?"

"இன்னாக்கா இப்டி கேக்கற? ராவிக் குடுக்கறேன்னுதான் சொன்னேன். சாய்ந்தரம் வா சார்னேன். வேல கீது, டைம் இல்லன்னு புடுங்கிக்கினு பூட்டாரு. இன்னா, கைய கிய்ய கீச்சிக்கினாரா?"

"பாராசூட் கயிறு அதுல மாட்டி, கீழ விழுந்து கால் உடைஞ்சுது."

"அய்ய! பாராசூட்டா? பைக்கு ஹெல்மெட்டுக்குன்னாரே அந்தாளு!" துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "செம பேஜாரு ஆளுக்கா. முந்தாநாள் கூட போன் பண்ணி, அதே மாரி இன்னொண்ணு அட்ச்சி வெய்யின்னாரு."

முந்தாநாள்! ஆறு ஸ்க்ரூ போட்ட காலோடு!

"அடிக்காதீங்க."

"நான் ஏன்கா அடிக்கப் போறேன்?"

வெளியே வந்து வண்டி மேல் உட்கார்ந்தபடியே சுகந்திக்குப் போன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன்: 'உங்க வீட்டுக்காரர் இன்னொரு கிளாம்ப் ஆர்டர் செஞ்சிருக்கார். பொழிச்சலூர் லேத்தில். கேட்டுக்குங்க.' இரண்டு நீல டிக்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹாலில் சோபாவை நகர்த்தி என் பாராசூட்டை விரித்தேன். அன்று மடித்தது போலவே மடித்தேன். பிரித்தேன். மறுபடி. மூன்று முறை. மூன்றாவது முறை போனில் படம் பிடித்துப் பார்த்தேன். தப்பில்லை.

ஆனால் அன்று வெயில், பசி, ஒலிபெருக்கியில் எங்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி மடிப்பில் முழங்காலை அழுத்தினேனா? அழுத்தினேன். அழுத்தியிருப்பேன்.

கீழ்வீட்டு ஆன்ட்டி படியேறி வந்து: "என்னம்மா மேல, காலையிலேர்ந்து சரக்கு சரக்குன்னு?"

"துணி மடிக்கறேன் ஆன்ட்டி."

இப்படி என்னை நானே சந்தேகப்பட வைத்தானே. அதற்குத்தான் அவனை மன்னிக்க மாட்டேன்.

நவம்பர் 12, புதன்

மாலை ஆறு மணி. மழை. சுகந்தி வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. சேலை நுனி நனைந்து, கையில் தம்பியின் லேப்டாப், பிளாஸ்டிக் கவரில் சுற்றி. செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னாள்:

"கார்டு கெடலக்கா. அவர் பர்ஸ்ல, சில்லறை போடற இடத்துல வெச்சிருந்தார்."

கிளாம்ப் பற்றிக் கேட்டிருக்கிறாள். சிரித்து மழுப்பினானாம். அன்றிலிருந்தே வீடெல்லாம் தேடியிருக்கிறாள்.

"நான் பாத்துட்டேன். நீங்களும் பாருங்க."

பதினோரு நிமிடம். கடைசிப் பகுதியை முதலில் ஓட்டினாள். பாராசூட் நேராக, அழகாக மேலே நீள்கிறது. முறுக்கு இல்லை. அந்த நொடியில் முரளி தலையைப் பக்கவாட்டில் திருப்புகிறான், மற்றவர்கள் விரிப்பதைப் படம் பிடிக்க. வலது பக்கக் கயிறு கிளாம்ப் மூலையில் விழுகிறது. அப்புறம்தான் எல்லாம் சுற்றுகிறது. சத்தம். அவன் அலறல். சுகந்தி அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நான் மடிச்சதுல தப்பில்ல." கத்திவிட்டேன்.

"இல்லக்கா. அது எனக்குப் புரிஞ்சுது." லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "இப்ப முதல்லேர்ந்து பாருங்க."

விமானத்துக்குள். எதிரில் நான். குதிப்பதற்கு முன் ஒருவர் பட்டியை இன்னொருவர் சரிபார்ப்போமே, அது. என் கை அவன் மார்புப் பட்டியை இழுத்துப் பார்க்கிறது. பிறகு நிமிர்கிறேன். நேராகக் கேமராவைப் பார்க்கிறேன். என் விரல் லென்சை நோக்கி வருகிறது. வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். அவன் இரண்டு கைகளும் திரையின் கீழே கும்பிடுவது தெரிகிறது.

நான் சிரிக்கிறேன்.

பல் தெரிய. பிறகு அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டு. கட்டைவிரல்.

நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. அந்த விமானத்தில் முரளி முகமே ஞாபகம் இல்லை, கதவு திறந்ததும் குளிர்தான் ஞாபகம். குழுவில் எழுதியபோது பொய் என்று தெரிந்து எழுதவில்லை. ஆனால் எழுதியது பொய்.

"நீங்க அழுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழட்டியிருப்பார்க்கா. உங்க பேச்சு ஒண்ணுதான் கேப்பார்." அழவில்லை அவள். "முன்னாடி இருக்கறத வெட்டிட்டு, கயிறு மாட்டற இடத்த மட்டும் போட்டாலும் உங்க பக்கம் நியாயம் வந்துடும். என் தம்பி வெட்டித் தர்றேங்கறான். உங்க இஷ்டம்."

வீடியோவை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். குடை கொடுத்தேன். வேண்டாம் என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

லீவு போட்டேன். காலை பத்து மணிக்குள் ஆறு முறை பார்த்தேன். வெட்டினால் ஒன்றரை நிமிடம். யாருக்கும் எதுவும் தெரியாது. சுகந்திக்குத் தெரியும். முரளிக்குத் தெரியும்.

பத்தேகாலுக்கு முழுதும் குழுவில் போட்டேன். கீழே: 'நான் பார்த்திருக்கிறேன். தடுக்கவில்லை. போன வாரம் நான் எழுதியது தவறு. மடித்ததில் தப்பில்லை என்பதும் இதில் இருக்கிறது.'

பத்து நிமிடத்தில் முரளி போன்.

"ஏன்கா முழுசாப் போட்ட? உனக்கும்தானே கேவலம். நான் மறைச்சதே உனக்காகத்தான்."

"எனக்காகவா? அப்ப நான் தப்பா மடிச்சேன்னு ஏன்டா சொன்ன?"

பின்னால் கடையில் யாரோ ஆணி எடை போடச் சொல்லும் குரல்.

"சுகந்தி கேட்டுக்கிட்டே இருந்தா. ஏதாவது சொல்லணும்ல. உன் பேரு வாயில வந்துச்சு."

"வாயில வந்துச்சா?"

"நீ கோச்சுக்க மாட்டேன்னு நெனச்சேன்கா."

வைத்துவிட்டேன். போனைச் சோபாவில் எறிந்தேன்.

மாலை ஜோசப் அண்ணன்: "பாத்தேன். ரெண்டு பேருமே என்கூட வரவேணாம். ஒரு வருஷம்."

"அவனுக்கும் எனக்கும் ஒண்ணாண்ணா? விதிய மீறினது அவன். பொய் சொன்னது அவன்."

"அவன் முட்டாள்தனம் பண்ணான் நளினி. உனக்கு முட்டாள்தனம்னு தெரிஞ்சுது. தெரிஞ்சு தட்டிக் குடுத்திருக்க."

எனக்கும் அவனுக்கும் ஒரே தண்டனை! கொதிக்கிறது. சமைக்கவில்லை. வாளியில் ஊறிய ஜம்ப் சூட் நாற்றம் எடுத்துவிட்டது. பத்து நாள் ஆகிறது. அடித்துத் துவைத்தேன். கை வலிக்கும் வரை.

நவம்பர் 16, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

சரஸ்வதியிடம் நேற்று மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு மேடம்?" என்றாள். மறந்துவிட்டாளா, நடித்தாளா, தெரியவில்லை.

ஜனவரிப் பயணத்துக்கு ஜோசப் அண்ணன் பட்டியல் போட்டுவிட்டார். பத்துப் பேர். என் பெயர் இருந்த இடத்தில் ஐஸ்வர்யா.

மதியம் அவளிடமிருந்து மெசேஜ். 'அக்கா, உங்ககிட்ட மட்டும் கேக்கறேன், அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. சின்னக் கேமரா ஒண்ணு இருக்கு, விரல் சைஸ்தான். அம்மா அப்பாவுக்குக் காட்டணும். ஒரே ஒரு ஜம்ப்புக்கு மாட்டிக்கட்டுமா? ப்ளீஸ் ப்ளீஸ்.' கும்பிடும் கைகள் மூன்று.

கூடாது என்று அடித்தேன். உடனே சிரிக்கும் முகங்கள். 'தெரியும் அப்படித்தான் சொல்வீங்க. ஆனா நீங்க ஸ்வீட்.'

போன் போட்டேன்.

"அக்கா, சும்மா தமாஷுக்கு..."

"மாட்டக் கூடாது. ஒரு ஜம்ப்புக்கும் கூடாது. மாட்டினேன்னு தெரிஞ்சா முதல்ல ஜோசப் அண்ணன்கிட்ட சொல்றவ நான்தான்."

"சரிக்கா, சரி. ஏன்கா இவ்ளோ கோவம்?" அப்போதும் லேசாகச் சிரித்தாள்.

"சிரிக்காத."

அழுதுவிட்டாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள் அழுது முடித்து, "மாட்ட மாட்டேன்" என்று வாயால் சொல்லும்வரை போனை வைக்கவும் இல்லை.