நாலாவது எலுமிச்சம்பழம்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஏழு எலுமிச்சம்பழம் வாங்குவது என்று இன்று காலை முடிவெடுத்தேன். எட்டு அல்ல, ஏழு. முடிவு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. மனைவியிடம் கருத்துக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபடியால் கண்ணீருடன் தலையை ஆட்டினாள். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

செர்டாங் சந்தையில் காய்கறி விற்கும் அக்கா அவ்வளவு எளிதில் விடவில்லை.

"ஆயுத பூசைக்கா அண்ணே? எத்தனை வண்டி?"

"ரெண்டு."

"அப்ப எட்டு லா. ஏழு எந்த ஊரு கணக்கு?"

"ஒன்னுக்கு மூனு சக்கரம் தான்க்கா."

"அதுக்குன்னு ஒத்தப்படையா வாங்குவாங்களா? நாலாவது ஒன்ன சும்மா வச்சிக்குங்க."

"அதுக்கு ஆள் இல்லக்கா" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏழையும் பையில் போட்டுக் கட்டினார்.

வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பழம் அடிபட்டு, பை முழுக்க அதன் வாசம். மற்றவர்களுக்கு மல்லிகை, சாம்பிராணி என்று ஏதேதோ வாசத்தில் செத்துப் போனவர்கள் திரும்பி வருவார்களாம். உனக்கு வாய்த்தது, நண்பா, எலுமிச்சம்பழம், அதுவும் நசுங்கியது.

அடுத்தடுத்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தோம். ஒரே செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. நான் உள்ளே சம்பளக் கணக்கு. நீ வாசலில் எடை மேடை. பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு தடவை நிறுத்தி எடை பார்ப்பாய். கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்போது இன்னொரு தடவை. முழு எடையில் வண்டி எடையைக் கழித்தால் மிச்சம் சரக்கு. உலகத்தில் எதைப் பார்த்தாலும் உனக்கு இந்த ஒரு கணக்குத்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்துவிட்டு, "மண்டபத்தையும் மேளத்தையும் கழிச்சிட்டுப் பாரு, மிச்சம் ஒரு கிலோ கல்யாணம் கூட தேறாது" என்றாய்.

பிறகு சர்க்கரை உன் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மரத்துப்போக வைத்தது. தரையை மிதிக்கிறோமா பிரேக்கை மிதிக்கிறோமா என்று அந்தக் காலுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளும் வேண்டாம், காரும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாம் இருக்கும் வீடு வேலையோடு வந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். ஆலைக்குப் பஸ் கிடையாது. உன் மனைவி போன பிறகு நீ தனி ஆள். பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்த உன் மகன், உனக்காக ஓர் அறையைக் காலி செய்து, மெத்தையும் வாங்கிப் போட்டுவிட்டான். நல்ல பிள்ளை. உனக்கு அதுதான் பயம்.

அதனால் சில மாதம் என் காரில் வந்தாய். பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்காருவது போல நுனியில் உட்கார்ந்து வருவாய். நான் கிளம்பும் நேரம்தான் நீ கிளம்பும் நேரம். எனக்கு வயிற்றுப்போக்கு வந்த அன்று நீயும் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காரில் ஏறியதும் சொன்னாய்: "நீ ஏத்திக்கிட்டுப் போறது புண்ணியம் தான்டா. ஆனா ஒன் வயித்த நம்பி என் வேலை இருக்குது பாரு."

அன்று சாயந்திரம், லோரி வராத ஓய்வு நேரத்தில், என் காரை எடை மேடையில் ஏற்றச் சொன்னாய். ஏற்றினேன். பிறகு என்னை மட்டும் இறங்கச் சொன்னாய். இறங்கினேன். திரையில் எண் கொஞ்சம் குறைந்தது.

"பாத்தியா? ஒன் காடியக் கழிச்சா மிச்சம் நீ. ஒரு ஆளயும் ஒரு சோத்து டப்பாவையும் தூக்கிட்டு வர ஒரு டன் இரும்பு."

"ஏர்கோன் இருக்குல்ல?"

"ஐஸ் பொட்டியில கூடத்தான் இருக்கு. அதுக்குள்ள ஒக்காந்தா வேலைக்கு வர்ற?"

அடுத்த வாரம் சுங்கைப் பட்டாணிக்குப் போய், சின்ன லோரி ஒன்றில் ஒரு புது வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தாய். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. ஒரு இருக்கை, அதன் முதுகுப்புறம் இன்னொரு ஆள் மனசு வைத்தால் உட்காரும் அளவுக்குப் பலகை. மேலே பிளாஸ்டிக் கூரை. மின்சாரத்தில் ஓடும். முடுக்குவதும் நிறுத்துவதும் கையால். காலுக்கு வேலையே இல்லை. நம் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். பெயர் சூட்டு விழா அன்றே முடிந்தது: முக்காலி.

அதற்கு எண் பலகை கிடையாது. பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. ஆனால் நீ பாதையை முன்பே யோசித்திருந்தாய். கார் பெரிய சாலையில் சுற்றிக்கொண்டு போகும். செம்பனைக்குள் போகும் செம்மண் பாதை ஆலையின் பின்வாசலுக்கு நேராகப் போகும். அது தோட்டத்துப் பாதை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெரிய சாலை அதைக் குறுக்கே வெட்டும். "அங்க எறங்கிடுவேன். தள்ளிக்கிட்டுப் போறவன் நடந்து போறவன் தானே? நடக்கறதுக்கு லைசன் கேப்பாங்களா?" என்றாய். எனக்குத் தெரிந்து சட்டத்துக்கு நீ கொடுத்த மரியாதையை வேறு எவனும் கொடுத்ததில்லை.

கோவிலில் பூசை போட்டோம். பூசாரி தட்டில் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு வைத்தார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மோட்டாருக்கு ரெண்டு, காடிக்கு நாலு. நடுவுல உள்ளதுக்கு எங்கப்பா ஒன்னும் சொல்லிக் குடுக்கலியே" என்றார்.

தட்டுக்கு வந்த பழம் திரும்பிப் போகக் கூடாது என்பது அவர் கட்சி. ஸ்பேர் டயருக்கு வைக்கலாம் என்றார் ஒருவர். ஸ்பேர் டயர் இல்லை. பேட்டரிக்கு வைக்கலாம் என்றார் இன்னொருவர். சாறு பட்டால் கெட்டுவிடும் என்றார்கள். சர்பத் போடலாம் என்று நான் சொன்னேன். என் யோசனையை யாரும் பொருட்படுத்தவில்லை.

"இங்க குடுங்க" என்று வாங்கி, தரையில் வைத்தாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தத் தடித்த சப்பாத்துக்குள் இருந்த உன் வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாய். "ரோட்டுல எறங்கித் தள்றப்போ இது தானே நாலாவது சக்கரம்?"

எல்லாரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்துக்கொண்டே கற்பூரத்தைக் காட்டினார். அந்தச் சத்தத்தில் நீ என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாய்.

"நசுங்கிச்சாடா?"

குனிந்து பார்த்தேன். சப்பாத்தைச் சுற்றிச் சாறு பரவியிருந்தது.

"நசுங்கிச்சு."

"அப்பச் சரி."

லோரிக்காரர்கள் உன்னைச் சும்மா விட்டார்களா? பண்டார் பாருவிலிருந்து குலை ஏற்றி வரும் ஒருவன் எடை மேடையில் நின்றபடி தினமும் கேட்பான்: "அண்ணே, பேட்டரி செத்துட்டா என்னா பண்ணுவீங்க?"

"எறங்கித் தள்ளுவேன். ஒன் லோரி செத்தா நீ தள்ளுவியா?"

ஒரு நாள் செத்தது. முந்தின இரவு சார்ஜ் ஏறப் போட்டவன், சுவிட்சைத் தட்ட மறந்துவிட்டாய். பாதி வழியில் மேட்டில் நின்றுவிட்டது. எனக்குப் போன் செய்து, "வா, ஆனா காடியில வராத, இந்தச் சேத்துல வராது. நடந்து வா" என்றாய். வந்து தள்ளினேன். இறங்குகிறேன் என்றாய், வேண்டாம், உட்கார் என்றேன். உட்கார்ந்துகொண்டு, இடது பக்கம், வலது பக்கம் என்று எனக்கு வழி சொன்னாய். அந்தப் பாதையில் திருப்பமே கிடையாது.

செய்தி பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் மகன் வந்தான். இரண்டு பெரிய பைகளும் கொண்டு வந்திருந்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முக்காலியை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்பா, இது பாசார்ல கிழவிங்க சாமான் வாங்க ஓட்டுற வண்டி."

"அவங்க வாங்கிட்டு வீடு போயிச் சேந்துர்றாங்களா இல்லியா?"

"மழை பேஞ்சா? வழியில மயக்கம் வந்தா? எதுக்குப்பா இந்த வம்பு? லிப்ட் இருக்கு, கீழேயே கிளினிக் இருக்கு. வேலைய விட்டுட்டு வாங்க."

நீ விவாதம் செய்யவில்லை. "நாளைக்குக் காலையில என் கூட வா. பாத்துட்டு அப்புறம் பைய எடு" என்றாய். மறுநாள் அவன் லீவு போட்டுவிட்டு, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின் பலகையில் உட்கார்ந்து வந்தான். பெரிய சாலை வந்ததும் நீ இறங்கினாய். தலைக்கவசத்தைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாய். நடந்து போகிறவனுக்கு அது எதற்கு? இரண்டு பக்கமும் பார்த்து, காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்து, தள்ளினாய். குலை லோரி ஒன்று வந்தது. உன்னைக் கிண்டல் செய்கிற அதே பயல். வண்டியை நிறுத்தி, பின்னால் வந்த கார்களையும், என்னுடையதையும் சேர்த்து, கையை நீட்டி நிறுத்தி, "போங்கண்ணே" என்றான். ஓர் அமைச்சருக்குக் கூட அந்தச் சாலையில் வண்டிகள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. உன் மகன் இறங்கி ஒரு கை கொடுக்க வந்தான். "நீ நட. வண்டி என்னோடது" என்றாய்.

அன்று சாயந்திரம் அவன் பைகளை மடித்து எடுத்துக்கொண்டு போனான். கிளம்பும்போது என்னிடம், "மாமா, சுவிட்ச போட்டுட்டாரான்னு மட்டும் ராத்திரி ஒரு தடவ பாத்துக்குங்க" என்றான். அதற்குப் பிறகு, சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று உன் ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பது என் கடமையாயிற்று. ஒரு நாள் நீ உள்ளேயிருந்து, "எரியுதுடா, போய்ப் படு" என்றாய்.

முக்காலி உன்னைக் கொல்லும் என்று ஆவலோடு எதிர்பார்த்தவர்களை நீ ஏமாற்றினாய். சனிக்கிழமை வேலைக்குப் போய், திரும்பி வந்து, சுவிட்சைத் தட்டிவிட்டு, உன் வீட்டில், உன் கட்டிலில் போனாய். திங்கட்கிழமை எடை மேடையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். லோரிக்காரன் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

வீட்டைக் காலி செய்ய வந்த உன் மகன் முக்காலியை என்னிடம் கொடுத்தான். "லிப்ட்ல ஏறாது மாமா. நீங்களே வச்சிக்குங்க. ஆனா ஓட்டாம சும்மா போட்டா பேட்டரி கெட்டுப் போயிரும்" என்றான்.

கெட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் ஓட்ட ஆரம்பித்தேன். வேறு கொள்கை எதுவும் எனக்கு இல்லை. முதலில் வாரத்துக்கு ஒரு நாள். பிறகு மழையில்லாத நாள். பிறகு மழைச் சட்டை வாங்கினேன். செம்பனை நிழலில் சத்தமில்லாமல் போகும்போது, காலையில் மனிதர்கள் ஏன் கோபமாக வேலைக்கு வருகிறார்கள் என்று கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. பெரிய சாலை வந்தால் நானும் இறங்குகிறேன். தலைக்கவசத்தைக் கழற்றி அதே கொக்கியில் மாட்டுகிறேன். என் கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, மிதிப்பது தெரிகிறது. இருந்தாலும் உன்னைப் போல் ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்துத்தான் வைக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்கிறவர்களும் இல்லை, அந்த லோரிக்காரன் எனக்கும் நிறுத்துகிறான்.

இன்று சாயந்திரம் வாசலில் பூசை போட்டோம். என் மனைவிதான் பூசாரி. முக்காலியின் மூன்று சக்கரத்துக்கும் மூன்று பழம் வைத்தாள். ஓட்டினேன், மூன்றும் நசுங்கின. கூரைக்கடியில் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்த காரைத் துடைத்து, விபூதி பூசி, சக்கரங்களுக்கு முன்னால் நாலு பழம் வைத்தாள். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

பேட்டரி செத்துவிட்டிருந்தது. நாலு பழமும் அப்படியே இருக்கின்றன.