பக்கத்து சீட்டு பிரேக்

மார்ச் 3

ராணுவத்தில் பதக்கம் வாங்கியதற்குப் பள்ளி மண்டபத்தில் எனக்குப் பாராட்டுக் கூட்டம். "நாம் நிம்மதியாகத் தூங்க இவரே காரணம்" என்று முழங்கிய தலைவர், அதற்கு முந்தைய பேச்சில் மேடையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். நான் தூங்கினேனா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பரிசு, ஒரு சுவர்க்கடிகாரம். டிக் டிக் என்று உயிரை வாங்கியது. பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் 5

முடி வெட்டுபவர் காசு வேண்டாம் என்றார், சண்டைக் கதை ஒன்று சொன்னால் போதுமாம். முகாம் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்த கதையைச் சொன்னேன். முகம் தொங்கிப்போயிற்று. பின்பக்கத்தைக் கோணலாக வெட்டி அனுப்பிவிட்டார். சரிதான், கதைக்கேற்ற கூலி.

மார்ச் 9

தோள் காயத்துக்குக் கொடுத்த விடுப்பு இந்த மாதத்தோடு சரி. திரும்பலாம், இல்லை விலகிக்கொள்ளலாம். அம்மாவுக்கு நான் விலகவேண்டும். அதற்குத்தான் தன் தம்பியைப் பிடித்திருக்கிறாள். மாமாவின் டிரைவிங் ஸ்கூலில் இன்றுமுதல் நான் வாத்தியார். வேலை சுலபம். பக்கத்து சீட்டில் உட்காரவேண்டும். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. கற்றுக்கொள்பவர் தப்புச் செய்தால் அதை மிதிக்கவேண்டும். இதற்கு ஒரு ஆள், ஒரு சம்பளம்!

மார்ச் 14

காலையில் அம்மா தொட்டு எழுப்பினாள். தூக்கக் கலக்கத்தில் நான் முறுக்கியதில் அவள் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டாரிடம் கதவிடுக்கில் மாட்டியதாகச் சொன்னாளாம். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வாள் என்று தெரியாது. இனி தள்ளி நின்று கூப்பிடச் சொன்னேன்.

மார்ச் 20

என்னிடம் கார் பழகும் தங்கைக்கு இன்று முதன்முறையாகக் கடைத்தெரு. நன்றாகத்தான் ஓட்டினாள். தன் அண்ணன் சொல்லிக்கொடுத்தால் கழுதைகூட ஓட்டும் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். மருந்துக்கடை முன்னால் ஒருவன் கையில் மூட்டையோடு, போனில் பேசியபடி சாலையில் இறங்கினான். நான் என் பிரேக்கை மிதிக்கவில்லை. கத்தினேன் — "நிறுத்தாதே, மிதி, மிதி!" அவள் காலைத் தட்டி ஆக்சிலேட்டரில் வைக்கப்போனேன். அவள் என் கையை உதறிவிட்டு பிரேக்கை அழுத்தினாள். அவன் முழங்காலை வண்டி தொட்டது, அவ்வளவுதான். நாலு வசவு வைதுவிட்டுப் போனான்.

தங்கை வண்டியை ஓரங்கட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்துபோய்விட்டாள்.

அங்கே, ராணுவத்தில், வண்டிகள் வரிசையாகப் போகும்போது நிறுத்தக் கூடாது. யார் குறுக்கே வந்தாலும். நிற்கிற வண்டிதான் குண்டில் வெடிக்கும். அதை மண்டையில் அடித்து அடித்து ஏற்றினார்கள். அப்படி மிதித்ததற்குத்தான் பதக்கம். அதற்குத்தான் மண்டபத்தில் கைதட்டல். தட்டிய கைகள் இன்று மருந்துக்கடை வாசலில் இருந்திருக்கவேண்டும்.

யாரைத் திட்டுகிறேன்? அவன் கையிலிருந்த மூட்டையில் என்ன, குண்டா? பஞ்சு. வெறும் பஞ்சு.

மார்ச் 21

மாமா கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "பிரேக் போடத்தானேடா உன்னை அங்க உக்கார வச்சேன்," என்றார். இனி ஆபீசில் உட்கார்ந்து போன் எடுத்தால் போதுமாம்.

மார்ச் 24

தங்கை சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்விடுகிறாள். பயப்படுகிறாள். என்னைப் பார்த்து. பதினாறு வயதுவரை இருட்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள்.

மார்ச் 28

முகாமிலிருந்து போன். வருகிறாயா, விலகுகிறாயா என்று என் மேலதிகாரியின் அந்த அதட்டல் குரல். என்னை அறியாமல் எழுந்து நின்றிருக்கிறேன். வருகிறேன் என்றேன். அவர் ஏதோ கெட்ட வார்த்தையில் வரவேற்றார். சிரித்துவிட்டேன்.

திரும்பினால் அம்மா, கையில் ஈரத்துணியோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"வந்ததிலேருந்து இன்னைக்குத்தான் சிரிச்சிருக்கே," என்றாள்.

அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள், மாமாவைக் கூப்பிடுவாள் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பரணிலிருந்து என் பையை இறக்கினாள். எத்தனை மணிக்கு ரயில் என்று மட்டும் கேட்டாள்.