குளிருக்கு ஒரு குப்பி பெட்ரோல்

ஜனவரி 6

மெக்கானிக் சாருக்கு,

நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

மாற்றலாகி இங்கே வந்த பிறகு கார் ஒழுங்காகத்தான் ஓடியது. குளிர் தொடங்கியதும் காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மூன்று நாளாகப் பள்ளிக்குத் தாமதம். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். புகை வாசனையை வைத்துப் பிள்ளைகள் அதற்குக் 'குடிகார வண்டி' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பெட்ரோலில் சமர்த்தாக ஓடியதை எத்தனால் என்கிற சாராய எரிபொருளுக்கு மாற்றியது நீங்கள்தானே. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

டீச்சர்

ஜனவரி 11

அன்புள்ள டீச்சருக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கிரீஸ் கையோடு பிரித்துவிட்டேன். கறைக்கு மன்னித்துக்கொள்.

எத்தனால் குளிரில் சட்டென்று பற்றாது. அதற்காகவே பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி வைத்தேன். அதில் பெட்ரோல் இருக்க வேண்டும். காலையில் நீ அழுத்தும் கறுப்புப் பொத்தான் அதிலிருந்துதான் கொஞ்சம் பீய்ச்சும். போன குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் அதை நான் நிரப்பினேன். இனி நீ நிரப்பு.

நம் வீட்டில் உன் சாப்பாட்டு நாற்காலியில் ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகள் குடியேறிவிட்டன. வேறு தொந்தரவு இருந்தால் உடனே எழுது.

மெக்கானிக்

பிப்ரவரி 2

மெக்கானிக் சாருக்கு,

குப்பியை நிரப்பினேன், உடனே கிளம்பியது. ஞாயிறுதோறும் செய்ததை ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்கள். நன்றி.

இப்போது மேடு ஏறினால் திணறுகிறது. நேற்றுப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பெட்டிகளை நாற்காலியிலிருந்து இறக்குங்கள். கால் ஒடிந்துவிடும்.

டீச்சர்

பிப்ரவரி 7

அன்புள்ள டீச்சருக்கு,

அது ஃபில்டர். டாங்கில் படிந்த பழைய அழுக்கையெல்லாம் எத்தனால் அரித்துக்கொண்டு வந்து அதில் அடைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். இத்துடன் ஒன்று அனுப்புகிறேன்.

பெட்டிகளை இறக்கிவிட்டேன். இப்போது நாற்காலி காலியாக இருக்கிறது. அது இன்னும் மோசம். அடுத்து என்ன தொந்தரவு என்று எழுது.

மெக்கானிக்

மார்ச் 1

மெக்கானிக் சாருக்கு,

வண்டிக்குள் வாசனை அடித்தது. அடுத்த தெருவில் கார் பட்டறை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் கொண்டுபோனேன். "ரப்பர் குழாய் ஊறிப்போய் வெடிச்சிருக்கும்மா. சூடான எஞ்சின் மேல சொட்டுது. எத்தனாலுக்கு மாத்தினா குழாயையும் மாத்தணும்" என்றார். உங்கள் கடிதங்களைக் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் தெரிஞ்சவர்தான். ஆனா கொஞ்சம் கொஞ்சமா சொல்றாரு."

அதற்கு முந்தின நாள் மாலை இரண்டு மாணவிகளை அதில்தான் வீட்டில் விட்டேன். தீப்பிடித்திருந்தால்?

கடிதம் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம். நான் எழுதியிருப்பேன். நான் எப்படி இருக்கிறேன் என்று உங்கள் கடிதம் எதிலும் ஒரு வரி இல்லை.

வண்டியைத் திரும்பப் பெட்ரோலுக்கே மாற்றிவிட்டேன். இனி அதற்காக எழுத வேண்டியதில்லை.

டீச்சர்

மார்ச் 6

அன்புள்ள டீச்சருக்கு,

தெரியும். முதல் கடிதத்திலேயே ஃபில்டரையும் குழாயையும் எழுதி, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் நீ எழுத மாட்டாய் என்று பயம். குழாய் கோடை வரை தாங்கும் என்று நினைத்தேன். உள்ளே நீ உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டு நினைத்தது அது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

மெக்கானிக்

ஏப்ரல் 19

அன்புள்ள டீச்சருக்கு,

தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். அவர் இப்போது தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இன்று ஞாயிறு. பழக்கதோஷத்தில் ஒரு குப்பி பெட்ரோல் பிடித்துவிட்டு, எந்த வண்டியில் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு டப்பாவிலேயே திருப்பி ஊற்றிவிட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

மெக்கானிக்