எர்ணாகுளத்திலிருந்து வராத சாமான்

ஆனைக்கரை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சாமி புண்ணியத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், நீயும் டியூட்டிக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிற ஜிஸ்மி கையில் கொடுத்துவிடுகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன், பிரித்த மாதிரி இருந்தால் எனக்குச் சொல்.

நம் வெள்ளைக் கார் நின்ற கதை உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் கேள். அம்மாவின் முழங்கால் வைத்தியத்துக்குக் கம்பம் போய்விட்டுக் குமுளி மலைப்பாதையில் ஏறி வரும்போது கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாகக் கவிந்தது. நம் மலையில் இல்லாத மூடுபனியா என்று வைப்பரைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். உன் அம்மா, ஏங்க ஆவி வருதுங்க நிறுத்துங்க என்று கத்தி என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஓரங்கட்டினேன். பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஹோஸைச் சொருகுகிற பிளாஸ்டிக் மூக்கு உடைந்து, பச்சைக் கூலன்ட் எல்லாம் ரோட்டில் ஓடிக் கிடந்தது. மெக்கானிக் தங்கதுரை ஜீப்பில் கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனான். அந்த மூக்கு எர்ணாகுளத்திலிருந்து வரணும் மாமா, ரெண்டு நாள் ஆகும் என்றான். ரெண்டு நாள் பதினொரு நாளாயிற்று. ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக் வருவதற்குப் பதினொரு நாளா? கப்பலிலா வருகிறது?

ஏலக்காய் மூட்டையை உலர்த்துகிற ஸ்டோருக்கு அனுப்பும்போது மாற்றிவிடாமல் இருக்க நீலப் பெயின்டில் புள்ளி வைப்பேனே, அதே மாதிரி ஒர்க் ஷாப்பில் வண்டி நின்ற முதல் நாளே பேட்டரி, ஸ்டெப்னி, ஹோஸ் எல்லாவற்றிலும் யாரும் பார்க்காதபோது புள்ளி வைத்தேன். என் வண்டியைத் தேக்கடிக்கு வருகிற டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு ஓட்டுகிறானோ என்று மீட்டரில் முகத்தை ஒட்ட வைத்துக் கிலோமீட்டரையும் குறித்து வைத்தேன். அது நகரவில்லை. அப்படியானால் என்னைச் சலிக்க வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். இதற்கு நடுவே உன் அம்மா வேறு, பஸ்ஸில் போனால் காற்று நல்லா வருது என்று திடீரென்று பஸ்ஸைப் புகழ ஆரம்பித்தாள். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனுஷி! அப்போதே எனக்குள் மணி அடித்தது.

நேற்று அவன் சாயா குடிக்கப் போன நேரம் பானெட்டைத் திறந்தேன். என் புள்ளி வைத்த ஹோஸ் புத்தம் புது மூக்கில் சொருகி, இரண்டு புதுக் கிளிப்பும் முறுக்கி, பச்சைக் கூலன்ட் நிரம்பி நிற்கிறது. கிளிப்பைத் தடவினால் விரலில் தூசி ஒட்டுகிறது. வேலை முடிந்து ஒரு வாரமாவது இருக்கும். வந்தவனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, என்னைய வையாதீங்க மாமா, யோகாக்காதான் போன் போட்டு அழுதுச்சு, அப்பா கையில வண்டியக் குடுத்துராத, சாமான் வரலைன்னு சொல்லிக்கிட்டே இருன்னுச்சு என்றான்.

ஏம்மா, ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டேன், உன்னை மட்டும் விட்டுவிட்டேன். உன் அம்மாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். அப்பனிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லையா உனக்கு? உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன், மேலே எழுதியதெல்லாம் அதற்காகத்தான்.

ஆனால் ஒன்றை மறைத்து உன்னைத் திட்டினால் அது நியாயமில்லை. சட்டையை விட்ட பிறகு தங்கதுரை வண்டியை ஸ்டார்ட் பண்ணி, இனி சூடாகாது மாமா, நீங்களே பாருங்க, சூடு காட்டுற ஊசி நடுவுலதான நிக்குது என்று கேட்டான். ஆமாடா, நடுவில்தான் நிற்கிறது என்றேன். எனக்கு ஊசியே தெரியவில்லை, யோகா. இன்னொன்று, அன்றைக்கு மலையில் மூடுபனியும் கிடையாது. நல்ல வெயில். உன் அம்மா இதை உன்னிடம் சொல்லியிருப்பாள், என்னிடம்தான் இதுவரை சொல்லவில்லை.

சாவியைத் தங்கதுரையிடமே கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கம்பம் போகிறோம், அவளுக்கு முழங்கால், எனக்குக் கண். வாந்திக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். பிள்ளைக்கு என் முத்தம். இனி என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மெக்கானிக்குக்குப் போன் போடாதே, எனக்குப் போடு. நம்பர் பழையதுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராக்கப்பன்