நீங்கள் கேட்காமல் போன செய்திகள்

என் ஆசை அப்பாவுக்கு,

பொங்கல் வந்தால் நீங்கள் போய் ஒரு வருசம். ஒவ்வொரு வருசக் கடைசியிலும், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ரேடியோவில் கேட்ட செய்தியையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வீர்களே, இந்தத் தடவை யார் சொல்வது? அதனால் நானே எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்பதில் டெல்லியில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது. உங்களுக்கு ஒரு மாசம் பேச அது போதும். கார்கில் பனியில் சண்டை. ஒரிசாவைப் புயல் சுருட்டிப் போட்டது. வருசம் முடிகிற நேரத்தில் விமானத்தைக் கடத்திக் காந்தகாருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று விடாமல் கேட்டேன் அப்பா. நம் தேயிலை விலை விழுந்ததைப் பற்றி மட்டும், நான் கேட்ட நாளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆடியில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்து பறித்தாலும் வாங்க ஆளில்லை. லயத்தில் வரிசையாக இருக்கிற தோட்டத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை சொல்லியிருக்கிறார்கள், வியாழக்கிழமை போயாக வேண்டும். அம்மாதான் அசைய மறுக்கிறாள்.

"சிலோன்லருந்து கப்பலேத்திக் கூட்டியாந்தப்பவே உங்கப்பா சொன்னாரு, இனிமே உன்னைய எங்கயும் நகத்த மாட்டேன்னு. அவர இங்க விட்டுட்டு நான் எங்கடி வாரது?"

இங்கே இருந்து என்னத்தைச் சாப்பிடுவது என்று கேட்டால் அழுகிறாள். எனக்குக் கோபமே உங்கள் மேல்தான். அப்படியொரு வாக்கை ஏன் கொடுத்தீர்கள்? அதை உடைக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே.

நேற்று உங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தேன். பறிக்காமல் விட்ட செடி நெஞ்சளவு வளர்ந்து, உங்களைப் புதைத்த மேட்டையே தேடவேண்டியிருந்தது. உங்களுக்கு முதுகு காட்டி நின்று, ஓரத்துச் செடியைக் கொஞ்சம் ஒதுக்கப் பார்த்தேன். கை பழக்கத்தில் பறித்துப் பறித்துத் தோளுக்குப் பின்னால் போட ஆரம்பித்துவிட்டது. முதுகில் கூடை இல்லை என்பதே உறைக்கவில்லை. திரும்பினால் கொழுந்தெல்லாம் உங்கள் மேல் கிடக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன் அப்பா, மன்னித்துவிடுங்கள். முதல் லீவிலேயே வந்து செடியை வெட்டி வழி விடுவேன். அவளுக்கு ஒரு நாள் வந்தால் எங்கிருந்தாலும் தூக்கிவந்து உங்கள் பக்கத்தில்தான் வைப்பேன். இது நான் கொடுக்கிற வாக்கு. இதையும் யாராவது உடைக்கவேண்டி வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் வாக்கை உடைத்த மூத்த மகள்,
செல்வி